முஈத்: ஆசிரியர்களை உருவாக்கிய பதவி

இஸ்லாமியக் கல்வி வரலாற்றை எழுதுவோர் மத்ரஸாக்களை எழுப்பிய கலீஃபாக்களையும் அமைச்சர்களையும் பற்றி விரிவாகப் பேசுகின்றனர். அங்கு ஓதிக்கொடுத்த பேரறிஞர்களின் பெயர்களும் மரியாதையோடு இடம்பெறுகின்றன. ஆனால், அப்பேரறிஞர்கள் ஓதிக்கொடுக்கும் கலையை எங்கே கற்றார்கள் என்ற வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை. ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கெனத் தனிக் கல்லூரி அன்று இல்லை. அதன் பணியை முஈத் என்னும் பதவியும், இஜாஸா முறையும், கல்விப் பயணமும் பகிர்ந்து ஆற்றின.

'முஈத்' என்னும் அரபுச் சொல்லுக்குத் 'திரும்பச் சொல்பவர்' என்று பொருள். முதர்ரிஸ் எனப்படும் தலைமை ஆசிரியர் பாடம் நடத்தி முடித்ததும், முஈத் அதனை மாணவர்களுக்கு மீண்டும் எடுத்துரைப்பார். விளங்காத இடங்களை விளக்குவார். பாடம் மனத்தில் பதிந்ததா என்று சோதிப்பார். முதர்ரிஸின் முன் அவர் மாணவர். மாணவர்களின் முன் அவர் ஆசிரியர். ஒரு சட்டப் பிரச்சினையை உஸ்தாத் எந்த வரிசையில் அவிழ்க்கிறார் என்பதையும், அதே பிரச்சினையில் மாணவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு அவருக்கே இருந்தது.

இப்பதவிக்கு அளிக்கப்பட்ட இடத்தை பக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸா காட்டுகிறது. ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1234) திறக்கப்பட்ட அம்மத்ரஸாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனியே ஒரு முதர்ரிஸ், 4 முஈத்கள், 62 மாணவர்கள் என ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததை இப்னு கஸீர் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். மொத்தம் 248 மாணவர்களுக்கு 16 முஈத்கள். அதாவது ஏறத்தாழப் பதினைந்து பேருக்கு ஒருவர். முதர்ரிஸின் விரிவுரை எவ்வளவு ஆழமானதாயினும், அது மாணவனைச் சென்றடைய இடையில் ஒருவர் தேவை என்பதை வக்ஃபை ஏற்படுத்தியவர்கள் உணர்ந்திருந்தனர்.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. ஹிஜ்ரி 649இல் (1251) அவர்கள் நவா என்ற ஊரிலிருந்து திமிஷ்க் வந்து ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்கினார்கள். பக்தாத் நிஜாமிய்யாவின் முதர்ரிஸாக விளங்கிய அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்) எழுதிய 'அத்தன்பீஹ்' என்ற நூலை ஏறத்தாழ நாலரை மாதங்களில் மனனம் செய்தார்கள். அவர்களின் உழைப்பைக் கண்ட உஸ்தாத் கமாலுத்தீன் இஸ்ஹாக் அல்மஃக்ரிபி (ரஹ்), தம் பாடவட்டத்தில் பெரும்பாலோருக்கு அவர்களை முஈதாக அமர்த்தினார்கள். பின்னர் ஹிஜ்ரி 665இல் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்விக்கூடத்தின் தலைமை அவர்களைத் தேடி வந்தது.

இரண்டாவது வழி இஜாஸா. அன்று ஸனதை வழங்கியது நிறுவனமன்று. தனிமனிதரான உஸ்தாதே அதனை வழங்கினார். எனவே, ஒருவர் எத்துணைப் புகழ்பெற்ற மத்ரஸாவில் ஓதியிருப்பினும், புதியதொரு கிதாபுக்கு அனுமதி வேண்டுமாயின் அதற்குரியவரை நாடிச் செல்ல வேண்டும். வயதோ பதவியோ இதற்குத் தடையாகக் கருதப்படவில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம்மைவிடப் பதினான்கு ஆண்டுகள் இளையவரான இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம், ஹதீஸ் கலையில் நீங்களே அதிகம் அறிந்தவர்கள், ஆதாரப்பூர்வமானதை எனக்கு அறிவியுங்கள் என்று கேட்டுக்கொண்டது பிரசித்தமானது. தம்மைவிடக் குறைந்தவரிடமிருந்தும் கற்க ஆலிம் வெட்கப்படலாகாது என்பதை இப்னு ஜமாஆ (ரஹ்) ஆசிரியரின் ஒழுக்கங்களுள் ஒன்றாகவே வகுத்துள்ளார்கள்.

மூன்றாவது பயணம். பல உஸ்தாதுகளைச் சந்திப்பதன் பயனை இப்னு கல்தூன் (ரஹ்) தமது முகத்திமாவில் நுட்பமாக ஆராய்ந்துள்ளார்கள். ஒரே ஆசிரியரிடம் பயின்றவன் அவர் கையாளும் கலைச்சொற்களையும் முறையையுமே அக்கலை என்று எண்ணிவிடுகிறான். பலரிடம் பயின்றவனோ கலை வேறு, அதைக் கற்பிக்கும் வழி வேறு எனப் பிரித்தறிகிறான் என்பது அவர்களின் கருத்து. இவ்வாறு ஊர்விட்டு ஊர் சென்ற ஆசிரியர்களின் தடம் நம் மண்ணிலும் பதிந்துள்ளது. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மகனார் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்), லக்னோவிலிருந்து புறப்பட்டு ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்தின் புஹார் ஆகிய ஊர்களில் ஓதிக்கொடுத்தபின், நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்தார்கள். 1810இல் இங்கேயே மறைந்தார்கள்.

இவ்வமைப்பு குறையற்றதாக இருந்ததென்று கூறுவதற்கில்லை. முஈத் பதவிக்கு வக்ஃபிலிருந்து ஊதியம் கிடைத்தமையால், பணியைச் செய்யாது ஊதியத்தை மட்டும் பெறுவோரும் தோன்றினர். ஹிஜ்ரி 771இல் (1370) மறைந்த தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்), பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு மேலாக மாணவர்க்கு விளங்கவைக்கும் கடமை முஈதுக்கு உண்டு, அதைச் செய்யாதவருக்கும் சாதாரண மாணவருக்கும் வேறுபாடில்லை என்று கண்டிக்க நேர்ந்தது. பெயரும் ஊதியமும் நிலைத்து, பணி மறையும்போது ஒரு பதவி உயிரிழந்துவிடுகிறது.

இன்று ஸனது பெற்ற மறு ஆண்டே கிதாபைக் கையிலேந்தி ஆசிரியராக அமரும் இளம் ஆலிம்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களின் திறமையில் ஐயமில்லை. ஆனால், அவர்கள் ஓதிக்கொடுப்பதை அருகிருந்து கேட்டுத் திருத்தும் மூத்தவர் இல்லை. ஐயம் எழுந்தால் அடுத்த ஊர்க் கல்லூரியின் ஆசிரியரிடம் கேட்கும் பழக்கமும் அருகிவிட்டது. இதன் இழப்பு மாணவரையே சேர்கிறது. தொடக்க ஆண்டுகளில் மூத்த உஸ்தாதின் கீழ் முஈதாகப் பணியாற்றச் செய்வதும், ஒரே பாடத்தை நடத்தும் பல கல்லூரி ஆசிரியர்கள் குறித்த காலங்களில் கூடி முதாகரா செய்வதும் பெரும் செலவைக் கோருவன அல்ல. இவை நம் முன்னோர் நடந்த பாதையே. கற்பவராக நீடிக்கும்வரைதான் ஒருவர் கற்பிப்பவராகவும் நீடிக்க முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வழியில் நடக்க அல்லாஹ் நமக்கும் அருள்புரிவானாக.