மூத்தாப்பாவின் துருக்கித் தொப்பி

போன தவணை முடிவில் ஆசிரியர் ஓய்வறையில் அபாயாவைப் பற்றிப் பேச்சு வந்தது. கறுப்புத்தான் போட வேண்டுமா, கல்லுப் பதித்தது கூடுமா கூடாதா என்று ஆண்கள் நாங்கள் ஐந்தாறு பேர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். "நமக்கு இந்தப் பேஷன் பைத்தியமெல்லாம் இல்ல சேர், அது பொம்புளயள்ட வருத்தம்" என்றார் ஒரு நண்பர். எனக்கு மூத்தாப்பாவின் கலியாணப் படம் நினைவுக்கு வந்தது. 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது உம்மா உடுப்புகளுக்கிடையில் வைத்துக் கொண்டுவந்த ஒரே படம் அது. கோட்டுப் போட்டிருக்கிறார். தலையில் குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பி.

அந்தத் தொப்பி சஹாபாக்களின் காலத்திலிருந்து வந்ததென்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். உண்மை வேறு. துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829இல் சட்டம் போட்டுத் தன் உத்தியோகத்தரின் தலைப்பாகையைக் கழற்றி இதை மாட்டினார். அன்றைக்கு அது புது பேஷன், அதுவும் அரச கட்டளையால் வந்த பேஷன். பிறகு அந்தத் தொப்பிகளில் பெருந்தொகை ஒஸ்திரியப் பேரரசின் ஆலைகளில்தான் உற்பத்தியானது. 1908இல் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்தபோது துருக்கியர் கோபத்தில் முதலில் பகிஷ்கரித்த பொருள்களில் ஒன்று தங்கள் தலைத் தொப்பி! ஒஸ்திரிய ஆலையில் செய்த தொப்பி உலக முஸ்லிம்களின் அடையாளமாகிவிட்டிருந்தது.

இலங்கைக்கு அதைப் பரப்பியவர் என்று நாம் சொல்வது அறபி பாஷாவை. எகிப்தில் ஆங்கிலேயரிடம் தோற்று 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். 1901 வரை இங்கேதான். அவரையும் கூட வந்த பாஷாக்களையும் பார்த்தே நம்மவர் காற்சட்டைக்கும் துருக்கித் தொப்பிக்கும் மாறினார்கள். சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வெளிவந்துகொண்டிருந்த காலம். இங்கிலிசுப் பள்ளிக்கூடம் போவது ஹராமா ஹலாலா என்ற வாதம் ஓயாத காலம். படிக்கவும் வேண்டும், வெள்ளைக்காரனாகவும் கூடாது என்று தவித்த ஒரு தலைமுறைக்கு அந்தத் தொப்பி கைகொடுத்தது. கோட்டுப் போட்டவனையும் முஸ்லிம் என்று அது சொல்லிவிடும். இதை வெறும் அலங்காரம் என்று எப்படித் தள்ளுவது?

1905 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தவரான அட்வகேட் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியும் சப்பாத்துமாக உயர்நீதிமன்றத்தில் நின்றார். பிரதம நீதியரசர் லேயார்ட் தொப்பியைக் கழற்று, இல்லையேல் சப்பாத்தைக் கழற்று என்றார். ஐரோப்பியன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவான், கீழைத்தேசத்தான் பாதணியைக் கழற்றுவான். இந்த மனிதர் இரண்டையும் செய்யவில்லை என்பதே குறை. அப்துல் காதர் ஒன்றையும் கழற்றாமல் வெளியேறினார். அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31ஆம் திகதி, மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடியது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்து பேசினார். பின்னர் தடை நீங்கியது. இலங்கை முஸ்லிம்கள் ஒரு சமூகமாகத் திரண்டு அரசாங்கத்தோடு வாதாடிய முதற் பெரிய விவகாரங்களில் ஒன்று ஆண்களின் உடுப்பைப் பற்றியது. இதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

லேயார்ட் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம். "இது உங்கள் பாட்டன்மார் போட்ட தொப்பியா? நேற்றுத்தானே எகிப்துக்காரனைப் பார்த்துப் போட்டீர்கள்?" கேட்டிருந்தால் அப்துல் காதரிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்திருக்கும்: ஆம், நேற்றுத்தான், ஆனாலும் இது என்னுடையது. 2018இல் திருகோணமலையில் ஆசிரியைகளின் அபாயா சர்ச்சையானபோது அந்தக் கேள்விதான் எழுந்தது. "இது அரபுநாட்டு உடுப்பு, உங்கட உம்மம்மா சாரிதானே உடுத்தா" என்றார்கள். வெளியாட்கள் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் ஓய்வறையிலேயே "ஒரு சாரியை உடுத்துட்டுப் போனா என்ன" என்று கேட்ட ஆண்கள் இருந்தார்கள். நானும் அன்று வாய் திறக்கவில்லை. தொப்பியின் கதை அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா தெரியாது.

துருக்கியிலே கதை தலைகீழாக முடிந்தது. ஒரு சுல்தான் சட்டத்தால் மாட்டிய தொப்பியை 1925இல் அத்தாதுர்க் சட்டத்தால் கழற்றினார். அதை எதிர்த்தார் என்று இஸ்கிலிப்லி ஆதிப் ஹோஜா என்ற ஆலிமை அடுத்த ஆண்டு தூக்கிலிட்டார்கள்.

அடுத்த நாள் அந்தப் படத்தைக் கொண்டுபோய் நண்பரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாப்பிள்ள சோக்கா இருக்கிறார். இந்தத் தொப்பியை எப்ப சேர் நிப்பாட்டினாங்க, ஆர் தடுத்த?" என்றார். இங்கே யாரும் தடுக்கவில்லை. வாப்பாவின் கலியாணப் படமும் வீட்டில் இருக்கிறது. தலையில் ஒன்றுமில்லை, காலில் பெல்பொட்டம்.