தொட்டுக்கொள்ளலாம், கட்டிக்கொள்ளக் கூடாது

'கல்யாணத்துக்கு முன்னால சேரலாமா, தாலி ஏறுற வரைக்கும் காத்திருக்கணுமா?' இந்தக் கேள்வியை வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது கிளப்பிவிடுகிறார்கள். பண்பாட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் ஒரு பக்கம் நின்றுகொண்டு, தமிழ்ப்பெண் என்றால் காத்திருப்பவள் என்கிறார்கள். நகரத்துப் படிப்பாளிகள் இன்னொரு பக்கம் நின்றுகொண்டு, உடம்பு அவரவர் சொந்தம், பிடித்தால் சேருவது, பிடிக்காவிட்டால் விலகுவது என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் சேரி இல்லை. காத்திருப்பதானாலும் சரி, காத்திருக்காமல் சேருவதானாலும் சரி, முதலில் அந்த உடம்பு தன்னுடையதாக இருந்தாக வேண்டும். அது யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்கிற வரலாற்றை விட்டுவிட்டு ஒழுக்கத்தை மட்டும் பேசுவது, சாதியைப் பேசாமல் நழுவுகிற வழி.

பண்பாட்டுக்காரர்கள் எடுத்ததும் காட்டுவது சங்க இலக்கியத்தை. அங்கிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியத்தில் களவியல் முன்னால் வருகிறது, கற்பியல் பின்னால் வருகிறது. களவு என்பது ஊருக்குத் தெரியாமல் இருவர் சேர்வது. அதைத் தொல்காப்பியம் குற்றம் என்று சொல்லவில்லை, இலக்கணம் சொல்கிறது. கற்பு என்கிற சொல்லுக்கும் அங்கே கன்னித்தன்மை என்று பொருள் கிடையாது. கரணத்தோடு, அதாவது சடங்கோடு, கொடுக்க உரியவர்கள் கொடுக்கக் கொள்வதுதான் கற்பு. கொடுப்பவர் இல்லாமல் உடன்போனவர்களுக்கும் கரணம் உண்டு என்று அடுத்த நூற்பாவே சொல்லிவிடுகிறது. இந்தக் கரணம் எதற்கு வந்தது? பொய்யும் வழுவும் தோன்றிய பிறகு ஐயர் ஏற்படுத்தினார்கள் என்கிறது நூல். சேர்ந்துவிட்டு 'அவளை எனக்குத் தெரியாது' என்று சொல்கிற ஆண் அன்றைக்கே இருந்திருக்கிறான். குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி இந்தப் பயத்தில்தான் நிற்கிறாள். அவன் பொய் சொன்னால் சாட்சிக்கு ஒரு குருகைத் தவிர யாருமில்லை. தோழி தலைவனிடம் 'சீக்கிரம் வரைந்துகொள்' என்று நெருக்குகிற வரைவுகடாதல் துறைப் பாட்டுகள் ஏராளம். ஆக, காத்திரு என்று பெண்ணுக்குச் சொன்னதைவிட, சேர்ந்த பிறகு கைவிடாதே என்று ஆணுக்குச் சொன்னதுதான் அதிகம்.

இதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது களவியலையும் கற்பியலையும் வாரக்கணக்கில் நடத்தினார்கள். அகத்திணையியலில் வருகிற ஒரு நூற்பாவை மட்டும் இரண்டு நிமிஷத்தில் தாண்டிப் போனார்கள். அடியோர், வினைவலர் பற்றிய நூற்பா அது. அன்பின் ஐந்திணைக்கு இவர்கள் வர முடியாது. இவர்களுடைய காதலுக்கு இடம் கைக்கிளை, பெருந்திணை. ஏன் என்று உரைகாரர் இளம்பூரணர் காரணம் சொல்கிறார். பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களால் அறம், பொருள், இன்பம் வழுவாமல் நடக்க முடியாது என்பது ஒரு காரணம். அவர்களுக்கு நாணம் குறைவு, குறிப்புப் பார்க்காமல் ஆசை போன வழியில் போவார்கள் என்பது இன்னொன்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது உண்மை. ஏவலுக்குக் கட்டுப்பட்டவனுக்குப் பொழுது சொந்தமில்லை, இரவும் சொந்தமில்லை. அப்புறம் எங்கே குறிப்புப் பார்ப்பது, எங்கே பிரிவில் இருந்து இரங்குவது? இரண்டாவது அவதூறு. ஆண்டை வேலை வாங்குகிறான், அதனால் வருகிற குறைக்கு அடிமையின் குணம் பொறுப்பாகிறது. அந்த அடியோரும் இன்றைய தலித்துகளும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. வாதம் ஒன்றாக இருக்கிறது என்கிறேன். 'அதுங்களுக்கு ஏது ஒழுக்கம்' என்று இன்றைக்கு ஊர்த்தெருவில் பேசுகிற வாய் அந்த உரையைப் படித்ததில்லை. ஆனாலும் அதையேதான் பேசுகிறது.

கீழத்தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவர்களுக்குக் கல்யாணம் என்பதே ஆண்டையின் தயவில் நடந்த காரியம். தாலிக்கும் சோற்றுக்கும் பண்ணையில் வாங்கின கடன் புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்துப் பண்ணையிலேயே கட்டிப் போட்டது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண், வரப்பில் நிற்கிறவன் கையைப் பிடித்தால் என்ன செய்வாள்? எங்கள் பக்கத்துக் கிழவிகள் இதைக் கதையாகச் சொல்வதில்லை. 'அதெல்லாம் இருந்துச்சு போ' என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது.

இந்த இடத்தில்தான் சாதியின் விதி பிடிபடுகிறது. ஊரான் சேரிப்பெண்ணைத் தொடலாம், கட்டிக்கொள்ளக் கூடாது. பொறுப்பில்லாத உறவுக்குச் சாதி கண்ணை மூடிக்கொள்ளும். பொறுப்புள்ள உறவுக்கு அரிவாளை எடுக்கும். ஒழுக்கவாதிகள் சொல்வதற்கு இது நேர்த் தலைகீழ். தற்காலிகச் சேர்க்கையால் பண்பாடு கெட்டுப்போகும் என்று அவர்கள் சொல்கிறார்கள். வரலாற்றில் பார்த்தால் தற்காலிகச் சேர்க்கையால் சாதிக்கு எந்தச் சேதமும் வந்ததில்லை. ஆண்டை வீட்டு ஆண் வெளியே போனால் வீட்டுச் சொத்து வெளியே போகாது, பிறக்கிற பிள்ளை சேரியிலேயே கிடக்கும். கல்யாணம் என்றால்தான் சாதிக்கு நடுக்கம்.

அம்பேத்கர் இதை 25 வயசிலேயே கண்டுபிடித்துவிட்டார். 1916 மே 9 அன்று நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் சாரமே அகமணம் என்று காட்டினார். சாதிக்குள்ளேயே கல்யாணம் என்று வைத்துவிட்டால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். புருஷன் செத்தால் ஒரு பெண் மிஞ்சுவாள். அவளை எரி, இல்லையென்றால் விதவையாக வைத்து அடக்கு. பெண்டாட்டி செத்தவனுக்கு இன்னும் வயசுக்கு வராத சிறுமியைக் கட்டிவை. சதி, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் ஒரே இயந்திரத்தின் பற்சக்கரங்கள். பெண்ணைக் காத்திருக்கச் சொல்வதும் காலம் பூராவும் காவல் போடுவதும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான்.

உழைக்கிற சாதிகளில் இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. புருஷன் செத்தாலோ, ஒத்துவராவிட்டாலோ அறுத்துக் கட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பரிசப்பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். இதை ஒரு பொற்காலமாக நான் காட்டவில்லை. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ஆம்பளைகள்தான், அபராதம் கட்டினதில் பாதி பொம்பளைகள்தான், அடியும் உதையும் நம் தெருவிலும் இருந்தது. ஆனால் ஒருமுறை தாலி ஏறினால் சாகும்வரை அதுவே கதி என்கிற விதி நம் பாட்டிகளுக்கு இல்லை. அதனாலேயே 'அறுத்துக்கட்டுற சாதி' என்பது வசவாயிற்று. வாழ்க்கையை இரண்டாம் முறை தொடங்குகிற உரிமையை இழிவு என்று சொல்லி நம்மையே நம்பவைத்தார்கள். நாமும் படித்து, வேலைக்குப் போய், காரைவீடு கட்டினதும் முதல் காரியமாக அதைக் கைவிட்டோம். பரிசம் போய் வரதட்சணை வந்தது. 'எங்க வீட்டுல அந்தப் பழக்கம் எல்லாம் கிடையாது' என்று சொல்வது பெருமையாகிவிட்டது.

இந்தச் சிக்கல் தலைவர்களுக்கும் இருந்தது. 1936இல் பம்பாயில், நேர்ந்துவிடப்பட்டும் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டும் கிடந்த மகார் பெண்களைப் பார்த்து, அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று அம்பேத்கர் கேட்டார். கற்பைக் காக்கச் சொன்ன பேச்சாக அதைப் படிப்பது தவறு. ஒரு சாதியின் பெண்களையே அந்தத் தொழிலுக்குத் தீனியாகப் போட்ட ஏற்பாட்டை உடைக்கிற பேச்சு அது. பெரியாரோ 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் முதல் அத்தியாயத்துக்கே கற்பு என்று தலைப்பு வைத்து, ஆணுக்கு இல்லாத கற்பு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டார். அவர் நடத்திய சுயமரியாதைத் திருமணத்தில் இரண்டு பேர் ஊரறிய ஒருவரையொருவர் துணையாக ஏற்றார்கள். அதுவும் பொறுப்புள்ள உறவுதானே? ஆனால் 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. சடங்கு இல்லை என்பதுதான் காரணம். 1967இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தம்பதிகள் தம்பதிகள் ஆனார்கள். எது நிலையான உறவு என்று தீர்ப்பளிக்கிற அதிகாரம் அதுவரை கரணத்தின் கையிலேயே இருந்தது.

நீதிமன்றம் என்றதும் மதுரா வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. மகாராஷ்டிராவில் 1972இல் காவல் நிலையத்துக்குள்ளேயே இரண்டு காவலர்கள் அந்த ஆதிவாசிச் சிறுமியைச் சீரழித்தார்கள் என்பது வழக்கு. அவளுக்கு ஒரு காதலன் இருந்தான். அவனைக் கட்டிக்கொள்வதாகவும் இருந்தாள். 1974இல் செஷன்ஸ் நீதிமன்றம் இவள் உறவுக்குப் பழகியவள் என்று சொல்லிக் காவலர்களை விட்டது. உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் விட்டது. உடம்பில் காயமில்லை, சத்தம் போடவில்லை, ஆகவே சம்மதம். ஒருத்தனோடு மனமொத்துச் சேர்ந்தவள் எல்லாருக்கும் இசைவாள் என்கிற நியாயம் இது. 'ஆசை போன வழியில் போகிறவர்கள்' என்று உரையில் இருந்தது தீர்ப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், 1983இல் சட்டம் திருந்தியது. ஆனாலும் பாதிக்கப்பட்டவளின் நடத்தையைக் கிளறலாம் என்கிற சாட்சியச் சட்டப் பிரிவை எடுக்க 2002 வரை ஆயிற்று. இருவிரல் பரிசோதனை செய்கிறவர்கள் தொழில் நடத்தை தவறியவர்கள் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2022இல்.

ராஜஸ்தானில் 1992இல் பன்வாரி தேவிக்கு நடந்த கொடுமையில் 1995இல் வந்த தீர்ப்பு இன்னொரு விதம். மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றார்கள். ஆக ஆதிவாசிப் பெண் என்றால் 'பழகியவள்', கீழ்சாதிப் பெண் என்றால் 'தொடத்தகாதவள்'. எப்படிச் சொன்னாலும் குற்றம் நடக்கவில்லை.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். 2005இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்கு, திருமணத்துக்கு முன்னான உறவு பற்றியும் பாதுகாப்பு பற்றியும் கருத்துச் சொன்னார். தமிழ்ப்பெண்களின் கற்பை இழிவுபடுத்திவிட்டார் என்று துடைப்பமும் செருப்பும் தூக்கப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். அந்தப் போராட்டத்தில் பாட்டாளி மக்கள் கட்சியோடு விடுதலைச் சிறுத்தைகளும் நின்றார்கள். வயதுவந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று சொல்லி 2010 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் வழக்குகளைத் தள்ளியது. அதற்குள் கற்பு என்கிற ஆயுதம் நன்றாகத் தீட்டப்பட்டுவிட்டது. ஏழு வருஷம் கழித்து அது யார் மேல் இறங்கியது? 2012இல் இளவரசனும் திவ்யாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி எரிந்தது. 'நாடகக் காதல்' என்றார்கள், ஜீன்ஸும் கூலிங்கிளாஸும் போட்டு மயக்குகிறார்கள் என்றார்கள். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். 2015இல் கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் வெட்டப்பட்ட சங்கர், கட்டின மனைவியோடு கடைவீதிக்குப் போனவன். பெண்ணின் கற்பை ஊர்ச்சொத்தாக ஆக்குகிற பேச்சுக்கு நம் தோழர்கள் கைகொடுத்தால், அந்தச் சொத்தைத் திருட வந்தவன் என்று நாளைக்கு நம் பையனைத்தான் காட்டுவார்கள். காட்டினார்கள்.

காத்திருத்தலும் வியாபாரமாகியிருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்துக் கல்யாணமாகாத பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் நம் பிள்ளைகள் நிறைய. மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். நடுவில் போனால் பல இடங்களில் அதுவும் இல்லை. வெளியே போகக் கூடாது, பேசக் கூடாது. ஒழுக்கமாக வைத்திருக்கிறோம் என்பதுதான் பெற்றவர்களுக்குச் சொன்ன விளம்பரம். கற்பின் பேரில் மலிவுக் கூலி. பண்ணையில் கல்யாணம் பண்ணக் கடன் வாங்கி அடிமையானார்கள், மில்லில் கல்யாணம் பண்ணக் காத்திருந்து அடிமையானார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, கட்டிக்கொள்ளும் எண்ணமில்லாமலே கட்டிக்கொள்வதாகச் சொல்லிச் சேர்ந்தால் பத்து வருஷம்வரை தண்டனை என்கிறது. கபிலரின் தலைவிக்குக் கிடைக்காத சாட்சி வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஊர்ப்பையன் சேரிப்பெண்ணிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, 'வீட்டுல சாதி பாக்குறாங்க' என்று விலகும்போது அந்தப் பொய்க்குப் பின்னால் ஒரு சாதியே நிற்கிறது. அதைப் பார்க்காமல் தனி ஆளின் ஏமாற்று என்று மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். வன்கொடுமைச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் இதில் ஒரு படி முன்னால் நிற்கிறது. பெண்ணின் முந்தைய உறவுகள், குற்றவாளியோடு இருந்த உறவு உட்பட, சம்மதத்துக்கு அடையாளம் ஆகாது என்று எழுதிவைத்தது. மதுராவுக்குச் சொல்லப்படாதது நம் பெண்களுக்காக எழுதிய சட்டத்தில் ஏறியிருக்கிறது. நம் ஊர்க் கூட்டங்களில் அதை வாசித்துக் காட்ட வேண்டும்.

காத்திருக்க விரும்புகிற பெண் காத்திருக்கட்டும், அவளைப் பழமை என்று கேலி பேச நகரத்துக்காரர்களுக்கு உரிமையில்லை. காத்திருக்காதவளைக் கெட்டுப்போனவள் என்று சொல்ல நமக்கும் உரிமையில்லை. மனசு மாறினால் விலகவும், அறுத்துக் கட்டவும் வழி இருக்கட்டும். வரப்பில் நிற்கிறவனிடம், மில் மேலாளரிடம், காவல் நிலையத்தில், கட்டின புருஷனிடமும் அவள் 'வேணாம்' என்று சொன்னால் அந்தச் சொல் செல்ல வேண்டும். கூலியும் நிலமும் கையில் இருந்தால் அந்தச் சொல்லுக்குக் கனம் கூடும். இயக்கத்தில் இருக்கிற ஆண் தோழர்கள் மேடையில் சாதி மறுப்புத் திருமணத்தைப் பேசிவிட்டு, வீட்டில் தங்கச்சியின் செல்போனைப் பிடுங்கி வைப்பதை நிறுத்துவதிலிருந்து இதைத் தொடங்கலாம்.