கல்வராயன் மலை: ஒரு சனி ஞாயிறுப் பயணமும் அதன் வரலாறும்

சனி, ஞாயிறு விடுமுறையில் மலைப்பக்கம் போகலாம் என்று பேச்சு வந்தாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்ற மூன்று பெயர்கள்தான் முதலில் வந்து நிற்கும். கள்ளக்குறிச்சிக்காரர்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலை அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அந்த மலையில் இரண்டு நாள் சுற்ற வழி சொல்வதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் வழியோடு சேர்த்து, அந்தச் சாலையின் கதையும் தெரிந்திருந்தால் பயணம் வேறு மாதிரி இருக்கும்.

சென்னையிலிருந்து வருபவர்கள் உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டும். கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்னால் தியாகதுருகம் வரும். ஊரை ஒட்டி நிற்கும் பாறைக்குன்றின் மேல் பழைய கோட்டை ஒன்று சிதைந்து கிடக்கிறது. முதல் நிறுத்தத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம். இன்று ஆடு மேயும் இந்தக் குன்றுக்காக 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டார்கள். பாண்டிச்சேரி வீழ்ந்த 1761-இலேயே இதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1790-இல் திப்பு சுல்தானின் படை வந்து முயன்றும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை.

இந்தச் சின்னக் குன்றின் மேல் ஏன் இவ்வளவு ஆசை? காரணம் கீழே ஓடும் சாலைதான். கடற்கரைச் சமவெளியிலிருந்து சேலத்துக்குப் போக வேண்டுமானால் கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில் உள்ள ஆத்தூர்க் கணவாய்தான் இயற்கையான வழி. அந்த வழியின் மேற்கில் வசிஷ்ட நதிக்கரையில் ஆத்தூர்க் கோட்டை நிற்கிறது. அதைக் கட்டியவர் கெட்டி முதலி. கிழக்கே தியாகதுருகம், மேற்கே ஆத்தூர். இரண்டுக்கும் நடுவில் பீரங்கிகளும் குதிரைகளும் போனது கீழ்ச்சாலையில்தான். பக்கத்திலேயே நின்ற மலையைப் படைகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயின, அவ்வளவுதான்!

1792-இல் சேலம் பகுதியும் 1801-இல் தென்னாற்காடு பகுதியும் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தன. மலையின் இரண்டு அடிவாரங்களும் அவர்கள் கையில். மலையோ ஜாகீர்தார்கள் கையிலேயே இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று வம்சப் பெயர்களாலேயே அந்த ஜாகீர்கள் அழைக்கப்பட்டன. விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று மரபாகச் சொல்வார்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொள்வது நல்லது. மேலே போனபின் பங்க் தேடி அலையக்கூடாது. அங்கிருந்து கச்சிராயபாளையம் சாலை. இருபுறமும் கரும்பும் நெல்லும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. அதைத் தாண்டினால் மலையடிவாரத்தில் கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 46 அடி. மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. மலைக்குச் சாலை தேவை என்று உணரும் முன்பே மலைத் தண்ணீர் தேவை என்று சமவெளி உணர்ந்திருந்தது.

அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. கல்வராயன் மலை சுமார் 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயரம் கொண்டது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரண்டு பகுதி. வெள்ளிமலை போகும் வழியிலேயே பெரியார் நீர்வீழ்ச்சி வந்துவிடும். மேகம், கவியம் போன்ற அருவிகளுக்கு உள்ளே நடக்க வேண்டும், உள்ளூர் ஆள் துணையில்லாமல் போகக்கூடாது. அருவியை நம்பிப் போகிறவர்கள் சித்திரை, வைகாசியில் போனால் பாறையைத்தான் பார்க்க முடியும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, மார்கழி, தை மாதங்களில் போவதே சரி. இருட்டுவதற்குள் வெள்ளிமலை சேர்ந்துவிட வேண்டும்.

வெள்ளிமலை இந்த மலையின் ஒன்றியத் தலைநகரம். பெரும்பாலும் மலையாளி இனத்துப் பழங்குடி மக்களே இங்கு வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. சாமை, தினை, கேழ்வரகோடு இப்போது மரவள்ளியும் நிறையப் பயிரிடுகிறார்கள். அந்தக் கிழங்கு ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இங்கேதான் வரலாறு கொஞ்சம் வலிக்கிறது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கல்வராயன் மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்து அரசு நிர்வாகம் ஏற்பட்டதோ 1976-இல்! அதுவரை ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கும் வழக்கம் மலையில் இருந்தது. நாடு முழுவதற்குமான கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான். இம்மக்களுக்கு வாக்குரிமை 1996-இல்தான் கிடைத்தது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டபோது பலர் திகைத்துப் போனார்கள்.

அந்த வழக்கு எழுந்த காரணமும் வேதனையானது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்வராயன் மலை என்றாலே கள்ளச்சாராயம் என்று பேசிப் பழகியிருந்த நேரத்தில், அந்த மலை மக்கள் என்ன நிலையில் வாழ்கிறார்கள் என்ற கேள்வியை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவமனை, பள்ளி, வேலை எல்லாம் அங்கே பேசப்பட்டன. காட்டு நிலத்தில் சாலை போட 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதனால் ஒரு குக்கிராமத்துக்குத் தார்ச்சாலை போடுவது எளிதான காரியமில்லை. பயணிக்கு ரசிக்கக் கிடைத்த ஒரு வளைவு, பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரம்.

இரண்டாம் நாள் காலை வெள்ளிமலையிலிருந்து மேற்கே கருமந்துறைக்குப் போகலாம். அது சேலம் மாவட்டம். அங்கே 1,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. மா, கொய்யா, பலா என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். பிறகு கரியகோவில் அணைப் பக்கமாக இறங்கி, பெத்தநாயக்கன்பாளையம் வழியாக ஆத்தூர் சேர்ந்தால் மாலை வெயிலில் அந்தக் கோட்டையையும் பார்த்துவிடலாம். கிழக்குக் கோட்டையில் தொடங்கிய பயணம் மேற்குக் கோட்டையில் முடியும். அந்தக் காலத்துப் படைகள் கீழ்ச்சாலையில் கடந்த தூரத்தை நாம் மலையேறிக் கடந்திருப்போம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மலை மக்களுக்குக் கலெக்டர் அலுவலகம் இதனால் கொஞ்சம் அருகில் வந்தது. அடுத்து அவர்கள் கேட்பதெல்லாம் வீட்டு வாசல் வரை ஒரு சாலை.

போகும் நண்பர்கள் பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் அருவியில் விட்டு வராதீர்கள். வரும்போது வெள்ளிமலைச் சந்தையில் சாமையோ தேனோ புளியோ பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள். 1976 வரை கூலியில்லாமல் உழைத்தவர்களின் பிள்ளைகள் விற்கிற பொருள் அது.