வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

திருச்சுழிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஊரை மூழ்கடிக்க வந்த வெள்ளத்தை, சிவபெருமான் சூலத்தால் பூமியில் குத்தி, சுழித்துக்கொண்டு உள்ளே போகச் செய்தாராம். தலபுராணம் சொல்கிறது. இன்றைக்கு அருப்புக்கோட்டையிலிருந்து அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளமாவது ஒன்றாவது! வானம் பார்த்த மானாவாரிக் காடுதான். ஆனாலும் அந்தச் 'சுழி'யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்.

இந்த மாதிரி வறண்ட சீமைக்கென்றே ஒரு பயிர் உண்டு. நிலாவாரை. மலச்சிக்கல் மருந்துக்காக உலகமே வாங்குகிறது. வெளிநாட்டில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சரக்கு! இலையில் இருக்கும் மருந்துச் சத்து சென்னோசைடு. அதில் முக்கியமானவை ஏ, பி என்று இரண்டு. இரண்டிலும் 42 கார்பன், 38 ஹைட்ரஜன், 20 ஆக்சிஜன். கணக்கு அச்சாக ஒன்றுதான். அப்புறம் எதற்கு இரண்டு பெயர்? நடுவில், இரண்டு பாதிகளும் ஒட்டுகிற இடத்தில் இரண்டு கார்பன்கள். ஏ-யில் இரண்டுக்கும் ஒரே சுழி. பி-யில் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுழி!

பேப்பரில் படம் போட்டுக் காட்டிவிடலாம். கம்ப்யூட்டருக்கு? 1949-லேயே வில்லியம் விஸ்வெஸ்ஸர் என்ற அமெரிக்கர் மூலக்கூறை ஒற்றை வரியில் எழுத வழி சொன்னார். படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். 1980-களில் டேவிட் வைனிங்கர் 'ஸ்மைல்ஸ்' என்ற சுலபமான முறையைக் கொண்டுவந்தார். கார்பனுக்கு 'சி', இரட்டைப் பிணைப்புக்குச் சமக்குறி. சுழிக்கு? ஈ-மெயில் முகவரியில் வருமே, அந்த 'அட்' குறி! ஒன்று போட்டால் இடஞ்சுழி, இரண்டு போட்டால் வலஞ்சுழி.

சுலபம் என்றால் ஆளுக்கொரு பாணி வந்துவிடும் இல்லையா? நைட்ரோ தொகுதியில் நைட்ரஜனுக்குச் சிலர் ஐந்து பிணைப்பு போட்டார்கள். அதற்கு நாலுக்கு மேல் தாங்காது! சர்க்கரையை முழுதாக எழுதச் சோம்பல்பட்டு 'ஜிஎல்சி' என்று மூன்றெழுத்தில் முடித்தார்கள். மனிதருக்குப் புரியும். சாஃப்ட்வேர், இப்படி ஒரு தனிமமே கிடையாதே என்று நின்றுவிடும். 2007-ல் 'ஓப்பன் ஸ்மைல்ஸ்' என்று பொது விதிகளை எழுத ஆரம்பித்தார்கள்.

நான் பி.காம். எனக்கு இது லெட்ஜர் சமாசாரமாகத்தான் படுகிறது. 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்.' என்று இரண்டு கணக்கு இருக்கிறது. ஒரே ஆள் என்றால் சேர்த்துவிடலாம். அண்ணன் தம்பி என்றால்? ஒருத்தர் கடன் இன்னொருத்தர் தலையில்!

நைட்ரோ, ஒரே ஆள் கேஸ். எப்படி எழுதினாலும் அர்த்தம் ஒன்றுதான்; சாஃப்ட்வேரே திருத்திக்கொள்ளலாம். சென்னோசைடு அப்படியில்லை. சுழிக்குறி போடாமல் ஒருவர் எழுதிவிட்டால் அது ஏ-யா, பி-யா? குத்துமதிப்பாக ஒன்றை நிரப்பும் சாஃப்ட்வேரைவிட, 'சுழி குறிப்பிடப்படவில்லை' என்று அப்படியே விட்டுவைப்பதுதான் யோக்கியமான சாஃப்ட்வேர் என்பேன். தப்பான நிரப்பல் ஒரு தடவை பட்டியலில் ஏறிவிட்டால், அதை நம்பி ஆராய்ச்சி செய்கிறவர் வேறொரு பொருளைத் துரத்திக்கொண்டிருப்பார்.

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2018-ல் இந்திய மூலிகைகளுக்கு 'இம்பாட்' என்று ஒரு தகவல் தொகுப்பு வெளியிட்டது. 1,742 தாவரங்கள், 9,596 வேதிப்பொருட்கள். 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 பொருட்கள். பழைய மூலிகைப் புத்தகங்களில் ஒரே பொருளுக்கு ஏகப்பட்ட பெயர். அத்தனையையும் சாஃப்ட்வேர் தலையில் கட்டிவிடவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் ஏற்றினார்கள்.