டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம்

டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் என்பது புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவதற்காகக் கனடாவிலும் வேறு பல நாடுகளிலும் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டம் ஆகும். ஒற்றைக் காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் (1958–1981) என்னும் கனடிய இளைஞர், 1980 ஆம் ஆண்டு மேற்கொண்ட "நம்பிக்கை மாரத்தான்" என்னும் நெடும் ஓட்டத்தின் தொடர்ச்சியாக இது அமைந்தது. கனடாவில் இது பொதுவாக செப்டம்பர் மாதத்தில் நடைபெறுகிறது.

பின்னணி

டெர்ரி ஃபாக்ஸ் வினிப்பெக் நகரில் பிறந்து, பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் போர்ட் கொகிட்லம் நகரில் வளர்ந்தவர். சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1977 இல் அவரது வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கால் முழங்காலுக்கு மேல் அகற்றப்பட்டது. உயிர் பிழைக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு எனவும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நோய் வந்திருந்தால் அது 15 விழுக்காடாகவே இருந்திருக்கும் எனவும் அவரிடம் கூறப்பட்டது. இவ்வேறுபாட்டுக்கு மருத்துவ ஆய்வே காரணம் என்பதை அவர் உணர்ந்தார். தாம் திரட்டும் பணம் ஆய்வுக்கே செல்ல வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தமைக்கு இதுவே அடிப்படை ஆகும். மருத்துவமனையில் தம்முடன் சிகிச்சை பெற்ற சிறுவர்களின் துன்பமும் அவரை வெகுவாகப் பாதித்தது.

நம்பிக்கை மாரத்தான்

1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், அத்திலாந்திக் பெருங்கடலில் தமது செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஃபாக்ஸ் ஓடத் தொடங்கினார். நாட்டைக் குறுக்காகக் கடந்து பசிபிக் கரையை அடைவது அவரது நோக்கம். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். அவரது நண்பர் டக் ஆல்வர்ட் வண்டி ஓட்டியதோடு சமையலையும் கவனித்துக்கொண்டார். பின்னர் ஃபாக்சின் 17 வயதுத் தம்பியும் இணைந்துகொண்டார்.

தொடக்கத்தில் பல ஊர்களில் இவர்களைப் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை. ஆனால் சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட்-ஓ-பாஸ்க் என்னும் ஊர் 10,000 டாலருக்கும் மேல் வழங்கியது. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் பெறுவது என்பது பின்னர் இவ்வோட்டத்தின் இலக்கானது. ஜூலையில் ரொறன்ரோவில் சுமார் 10,000 பேர் திரண்டு அவரை வரவேற்றனர்.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால், செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. அதுவரை 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் தூரம் கடக்கப்பட்டிருந்தது. 1981 பெப்ரவரியில் திரட்டிய தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ 2.4 கோடியே. ஓட்டம் முழுமை பெறவில்லை எனினும் நிதி இலக்கு எட்டப்பட்டது. 1981 ஜூன் 28 அன்று, 23 வயது நிறைவடைய ஒரு மாதம் இருக்கையில், ஃபாக்ஸ் காலமானார்.

ஆண்டு ஓட்டமும் அதன் நெறிகளும்

முதலாவது ஆண்டு ஓட்டம் 1981 செப்டம்பர் 13 அன்று நடைபெற்றது. சுமார் 3,00,000 பேர் கலந்துகொண்டு 35 லட்சம் டாலர் திரட்டினர். ஃபாக்சின் விருப்பத்துக்கு ஏற்ப இவ்வோட்டம் பின்வரும் நெறிகளைக் கொண்டுள்ளது:

• இது போட்டி அன்று. வெற்றியாளர், பரிசு என எதுவும் இல்லை.
• கட்டாய நுழைவுக் கட்டணமோ குறைந்தபட்ச நன்கொடையோ இல்லை.
• நிறுவனங்கள் இதனைத் தமது விளம்பரத்துக்குப் பயன்படுத்த இயலாது.
• ஓடலாம், நடக்கலாம், மிதிவண்டியிலோ சக்கர நாற்காலியிலோ செல்லலாம்.

நம்பிக்கை மாரத்தானின்போதே, வண்டி, எரிபொருள், காலணி ஆகியவற்றை நன்கொடையாக ஏற்ற ஃபாக்ஸ், தம்மை விளம்பரத்துக்குப் பயன்படுத்த முனைந்தோரின் உதவியை மறுத்துவிட்டார். பணம் இல்லாதவரும் வேகமாக ஓட இயலாதவரும் சமமாகப் பங்குகொள்ள இந்நெறிகள் வழிசெய்கின்றன. ஒருவரின் பெருங்கொடையை விடப் பலரின் சிறுகொடையையே இவ்வோட்டம் சார்ந்துள்ளது.

மாணவர் பங்கு

கனடாவின் பள்ளிகள் தனியே ஓட்டங்களை நடத்துகின்றன. மாணவர்கள் அயலவரிடமும் உறவினரிடமும் நன்கொடை பெறுவதுடன், "டூனி" எனப்படும் இரண்டு டாலர் நாணயம் ஒன்றையும் கொண்டுவருவது பல பள்ளிகளில் வழக்கம். 25 ஆம் ஆண்டான 2005 இல் நடைபெற்ற தேசியப் பள்ளி ஓட்ட நாளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றனர். சென்னையிலும் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மாணவர் தன்னார்வலர்கள் இவ்வோட்டத்தை நடத்தியுள்ளனர்.

பயன்

ஃபாக்சின் பெயரில் இதுவரை 85 கோடி கனடிய டாலருக்கும் மேல் திரட்டப்பட்டுள்ளது. 2007 இல் டெர்ரி ஃபாக்ஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகின் பல இடங்களில் நடைபெற்ற ஆய்வுகளின் பயனாக, ஃபாக்சுக்கு வந்த அதே வகைப் புற்றுநோய் கொண்டோரில் பலருக்கு இன்று காலை அகற்றாமலேயே அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

• புற்றுநோய்
• மாரத்தான்
• தன்னார்வலர்