சர்க்கரைப் பொங்கல் பானைக்குள் எத்தனை ஊர்?

தை பிறந்தாலே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை வரும். முந்திரி போடலாமா, பச்சைக் கற்பூரம் சேர்க்கணுமா, எதுதான் அசல் பாரம்பரியம்? யாரோ எழுதிவிட்டுப் போன பழைய கோடில் எந்த வரி எப்போ சேர்ந்ததுன்னு தேடுவது என் தினசரி வேலை. இந்த எபிசோடில் அதே வேலையைப் பொங்கல் பானைக்குச் செய்து பார்க்கலாம்.

முதலில் பெயர். சர்க்கரைப் பொங்கல்னு சொல்றோம், ஆனா போடுறது வெல்லம். ஏன்? சர்க்கரை என்ற சொல் வெள்ளைச் சீனிக்கு ரொம்ப முன்னாடியே தமிழில் இருக்கு. கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்த பழுப்பு இனிப்பைத்தான் அது குறித்தது. இன்றைக்கும் நாட்டுச்சர்க்கரை என்கிறோமே, அதில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. வெள்ளையாக வந்ததுக்கு ஊர்ப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. சீனி என்ற பெயரில் சீனா இருக்கிறது. சில தாத்தா பாட்டிகள் அஸ்கா என்பார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், இப்போ ஒடிசாவில் இருக்கிற ஊர் அஸ்கா. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓடிய சர்க்கரை ஆலையிலிருந்து வந்த பெயர் அது.

கரும்பு நம்ம மண்ணுக்கே உரியதுதானே என்று கேட்பீர்கள். தகடூர் அதியமானின் முன்னோர்தான் வேறு இடத்திலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்கிறது. அதாவது சங்க காலத்திலேயே கரும்புக்கு ‘வந்த பயிர்’ என்ற நினைவு இருந்திருக்கு.

அடுத்து, கோயில் பொங்கலில் மணக்கும் பச்சைக் கற்பூரம். அந்தக் காலத்தில் இது சுமத்ரா, போர்னியோ காட்டு மரங்களிலிருந்து வந்தது. சுமத்ராவில் கற்பூரத்துக்குப் பேர்போன துறைமுகம் பாருஸ். அங்கே 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வெட்டி வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் நம்ம ஆட்கள் அவ்வளவு தூரம் போய் வியாபாரம் செய்திருக்கிறார்கள்.

முந்திரி இன்னும் புதுசு. பிறந்த இடம் பிரேசில், கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர், காலம் 16ஆம் நூற்றாண்டு. ராஜராஜ சோழன் முந்திரி போட்ட பொங்கல் சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்லை! பொங்கலன்று வைக்கும் கூட்டைப் பாருங்க. அவரை, மொச்சை, சேனை எல்லாம் பழைய ஆட்கள். சர்க்கரைவள்ளியும் பரங்கிக்காயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பரங்கி என்ற பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள்.

அப்போ பாரம்பரியம்னு ஒண்ணுமே இல்லையா? இருக்கு. அது அரிசியில் இருக்கு. தினச் சாப்பாட்டுக்கு நம்ம வீடுகளில் பழைய அரிசிதான் கேட்போம். புது அரிசி குழையும், ஒட்டும். ஆனால் பொங்கலுக்குக் குழைவுதான் அழகு. அறுவடை முடிந்த கையோடு, களத்திலிருந்து வந்த நெல்லைக் குத்தி உடனே சமைக்க இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது. கூடவே புதுப்பானை, புது வெல்லம், இலையோடு பிடுங்கிய மஞ்சள் கொத்து. எல்லாமே ‘இந்த வருஷத்தது’. அந்த வருஷத்து விளைச்சலை முதலில் சூரியனுக்குக் காட்டிவிட்டு, மாட்டுக்கும் கொடுத்துவிட்டு, பிறகு நாம் சாப்பிடணும். விதி அவ்வளவுதான். விளைச்சலில் புதுசாக ஒரு பயிர் சேர்ந்தால் அதுவும் படையலுக்கு வரும். பரங்கிக்காய் அப்படித்தான் உள்ளே வந்திருக்கணும்.

என்னைக் கேட்டால் முந்திரியைவிடக் குக்கர்தான் பெரிய மாற்றம். குக்கரில் வைத்தால் விசில் வரும், பொங்கி வழியாது. எதைப் பார்த்து ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்துவது?

இதில் ஒரு பிழைப்பும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாம் கடித்துத் தின்னும் செங்கரும்பு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு இல்லை. மேலூர் பக்கமும் தஞ்சை, கடலூர் பக்கமும் விவசாயிகள் சித்திரை வாக்கில் நட்டு, சோகை உரித்து, எட்டு ஒன்பது மாதம் தண்ணீர் பாய்ச்சி வளர்ப்பது கிட்டத்தட்ட இந்த ஒரே வாரத்து விற்பனையை நம்பித்தான். தை மூணாம் தேதிக்கு மேல் அதைக் கேட்க ஆள் குறைவு. நாம் ‘சும்மா சாஸ்திரத்துக்கு’ என்று ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டால், அந்த வயலில் அடுத்த வருஷம் வேறு பயிர்தான் நிற்கும்.

அதனால் முந்திரி போடுங்க, போடாமலும் இருங்க, அது உங்க வீட்டு விஷயம். புது அரிசியும் ஒரு ஜோடிக் கரும்பும் மட்டும் விட்டுடாதீங்க. பானையைக் கொஞ்சம் திறந்தே வையுங்க, பொங்கட்டும். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.