லீவு மே மாசத்துல, தண்ணி டிசம்பர்ல: விருத்தாசலத்தைச் சுற்றி குடும்பத்தோடு எங்கே, எப்போது போகலாம்?

கோடை விடுமுறை விட்டதும் விருத்தாசலம் வீடுகளில் கிளம்பும் முதல் கேள்வி, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க". உடனே போனை எடுத்து 'மணிமுத்தாறு' என்று தேடினால், திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் அருவியும் அணையும்தான் வரிசையாக வந்து நிற்கும். நம்ம ஊர் மணிமுத்தாறு வேறு. கல்வராயன் மலையில் தொடங்கி, பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடி, வெள்ளாற்றில் கலக்கும் ஆறு இது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பெரும்பாலும் மணலும் முள்செடியும்தான் இருக்கும்.

சிக்கலே இதுதான். இந்தப் பகுதியில் வெளியில் போய்ப் பார்க்க இடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதி இடங்கள் தண்ணீரை நம்பியவை. அந்தத் தண்ணீர் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையிலும், மேட்டூர் திறப்பிலும்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு நீண்ட லீவு கிடைப்பதோ எல்லாம் வற்றிப்போன மாதத்தில். அதனால் இங்கே 'எங்கே போகலாம்?' என்பதற்கு முன்னால் 'எப்போ போகலாம்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

துபாயில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கடலூர் மாவட்டத்தில் வளைகுடா நாட்டுக்கு ஆள் போகாத ஊர் குறைவு. அங்கே இருந்து வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: துபாயின் குளோபல் வில்லேஜ், மிராக்கிள் கார்டன் போன்ற திறந்தவெளி இடங்கள் குளிர் தொடங்கும் போது திறந்து, கோடை வந்ததும் மூடப்பட்டுவிடும். பொதுப் பூங்காக்களில் இரவு நேரத்தில்தான் குடும்பங்கள் கூடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கவே தடை. பாலைவன நகரம் வெயிலோடு மல்லுக்கட்டாமல் காலண்டரை மாற்றிக்கொண்டது. நாம் கத்திரி வெயிலில், சரியாக மதியம் 12 மணிக்கு, குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம்.

கோடையிலேயே போய்த்தான் ஆக வேண்டுமா?

அப்படியானால் முதல் இடம் பிச்சாவரம். சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து கடற்கரைப் பக்கம் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கும் அலையாத்திக் காடு. இங்கே இருப்பது கடலோடு தொடர்புள்ள உப்பங்கழி என்பதால் மே மாதத்திலும் தண்ணீர் இருக்கும். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' இங்கே எடுக்கப்பட்டது என்று தாத்தா பாட்டியிடம் சொன்னால் அவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் உண்டு. சுரபுன்னை மரங்களின் வேர்கள் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகலான வாய்க்காலைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம், அதற்குத் துடுப்புப் படகுதான் சரி. நிழலும் குளிர்ச்சியும் அந்த வாய்க்காலுக்குள்தான். அகன்ற நீர்ப்பரப்பில் வெயில் தலையில் இறங்கும். முதல் படகுக்கே போய் நிற்பது நல்லது. லைஃப் ஜாக்கெட் குழந்தைக்குப் பெரிதாக இருந்தால் கூச்சப்படாமல் வேறு கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். விருத்தாசலத்தில் இருந்து நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூருக்கு ரயில் இருக்கிறது. சுமார் 60 கிலோமீட்டர் தான். வெயில் இறங்கிய பிறகு போனால் போதும், கடல் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே தள்ளி இருக்கும் விருத்தாசலத்துக்கு அந்தக் காற்று வந்து சேர்வதற்குள் சூடு ஏறிவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

அதே பாதையில் இருக்கும் நெய்வேலியைப் பலர் சும்மா கடந்து போய்விடுகிறார்கள். நிலக்கரி நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் சாலை முழுக்க மரம். சுரங்கம் தோண்டி முடித்த இடத்தில் மண்ணை நிரப்பி, மரம் வளர்த்து, நீர்நிலையும் அமைத்திருக்கிறார்கள். சுற்றுப்பட்டு கிராமங்கள் நிலம் கொடுத்து உருவான ஊர் இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தூரத்தில் மலை மாதிரி தெரிவது மலை இல்லை, சுரங்கத்தில் இருந்து எடுத்துக் கொட்டிய மண்.

வடலூரும் இதே வழிதான். வள்ளலார் 1872-ல் தொடங்கிய சத்திய ஞான சபையைச் சுற்றி இருப்பது பரந்த பெருவெளி. சாயங்காலம் குழந்தைகளை விட்டால் ஓடித் தீர்க்க முடியாத அளவு இடம். பக்கத்தில் 1867-ல் அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் தருமசாலை. வருபவர்களுக்கு அங்கே சாப்பாடு உண்டு. செலவு குறைவான குடும்பப் பயணம் என்றால் இந்த மாவட்டத்தில் இதை மிஞ்ச ஒன்று இல்லை. தைப்பூசத்தன்று மட்டும் கைக்குழந்தையோடு போக வேண்டாம், அவ்வளவு கூட்டம்.

தண்ணீர் இருக்கும் மாதங்களில்

அரையாண்டு விடுமுறையும் பொங்கல் லீவும் சில நாட்கள்தான். ஆனால் இந்த வட்டாரம் அழகாக இருப்பது அப்போதுதான்.

சேத்தியாத்தோப்பில் இருந்து காட்டுமன்னார்கோவில் சாலையில் திரும்பினால் வீராணம் ஏரிக்கரையை ஒட்டியே வண்டி போகும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்கும் ஏரி இது. சோழர் காலத்து ஏரி இன்று சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது. முழுக் கொள்ளளவான 47.5 அடியை நெருங்கி நிற்கும்போது பார்த்தால் கடலா ஏரியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோடையில் மட்டம் இறங்கிய பிறகு போனால், "இதுக்கா வந்தோம்?" என்று அதே பிள்ளைகளே கேட்பார்கள்.

திட்டக்குடி பக்கம் இருக்கும் வெலிங்டன் நீர்த்தேக்கமும் அப்படித்தான். தொழுதூரில் வெள்ளாற்றைத் தடுத்துத் திருப்பும் தண்ணீரால் நிரம்பும் ஏரி. 1923-ல் கட்டி முடிக்கப்பட்டபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பெயரை வைத்தார்கள். மக்கள் வாயில் அது வெலிங்டன் ஆகிவிட்டது. நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டனுக்கும் இந்த ஏரிக்கும் சம்பந்தம் இல்லை.

பறவை பார்க்க அரியலூர் மாவட்டம் கரைவெட்டி. 2024 ஜனவரியில் ராம்சார் தகுதி பெற்ற சரணாலயம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்து இங்கே வந்து இறங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதற்கு நேரம். விருத்தாசலத்தில் இருந்து அரியலூருக்கு நேராக ரயில் இருப்பதால் காலையில் சரணாலயம், வெயில் ஏறியதும் வாரணவாசி புதைபடிம அருங்காட்சியகம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இந்தப் பகுதி கடலாக இருந்தது என்பதற்கான கிளிஞ்சல்களும் எலும்புகளும் அங்கே இருக்கின்றன.

கங்கைகொண்ட சோழபுரம் எல்லா மாதமும் போகக்கூடியதுதான், நேரம் மட்டும் முக்கியம். கோயிலைச் சுற்றி தொல்லியல் துறை பராமரிக்கும் புல்வெளி, குழந்தைகளுக்கு அதுவே பூங்கா. செருப்பைக் கழற்றிவிட்டு மதியத்தில் கல்தரையில் கால் வைத்தால் கோயிலைப் பார்க்கவே தோன்றாது.

'எங்கயாவது குளிக்கப் போலாமா?'

கோடையில் பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி இது. 2022 ஜூன் 5-ம் தேதி, நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் தடுப்பணைப் பகுதியில் தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போன சிறுமிகளும் பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். வற்றிய ஆற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது என்றால், அந்த இடம் பள்ளம் என்று அர்த்தம். மணல் அள்ளிய குழிகளில் முதல் அடியில் முழங்கால், அடுத்த அடியில் ஆள் மட்டம். மேலே இருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. ஏரி மதகு, தடுப்பணையின் கீழ்ப்பக்கம், கைவிட்ட கல்குவாரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒருவர் மூழ்கும்போது கைகோத்து இறங்குவதில்தான் எண்ணிக்கை கூடுகிறது. சேலை, துப்பட்டா, கயிறு, நீளமான கம்பு என எதையாவது கரையில் இருந்தபடியே வீச வேண்டும். உதவிக்கு 108, 112.

ஊரைவிட்டு எங்கும் போக முடியாதவர்களுக்கு

காலாண்டு விடுமுறை நவராத்திரியை ஒட்டி வரும். அப்போது விருத்தாசலத்திலேயே பார்க்க ஒன்று இருக்கிறது: பீங்கான் பொம்மை. நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்ணும் இந்தத் தொழில் இங்கே வேர்விட ஒரு காரணம். கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, எடுத்துக் காயவைத்து, சூளையில் சுடுகிறார்கள். வெயிலை எல்லோரும் திட்டும் ஊரில், பொம்மை காய வேண்டுமே என்று வெயிலுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. கொலு சீசனில் பட்டறைக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போனால் அச்சில் இருந்து பொம்மை வெளியே வருவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். சூளைப் பக்கம் மட்டும் விட வேண்டாம்.

அப்புறம் மாசி மகம். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் அந்த நாட்களில் பழமலைநாதர் கோயில் தேரும், மணிமுத்தாற்றில் தீர்த்தவாரியும், கரையில் கடைகளுமாக இருக்கும். சுற்றுக் கிராமங்களில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இந்த விருத்தாசலத்துக்காரர்கள் மட்டும் அன்றைக்கு எங்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.